குடியிலும் வருணாசிரமம்

சென்ற சாரல் காலத்தில் நாம் குற்றாலம் சென்றிருந்தபோது, நமக்குப் பழக்கமான வாலிபத் தோழர் ஒருவரை ஐந்தருவிச் சாலையில் சந்திக்க நேர்ந்தது. அவர் தென்காசிக்கு அடுத்த ஒரு கிராமத்தவர். தகப்பனார் பனையேறிப் பிழைத்தவர். தாயார் பீடி சுற்றிய கூலியில் மகனைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர். மகன் இப்போது பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கின்றார். பனையேறி மகன் அப்படி இருப்பதைக் காண நமக்கு உண்மையிலேயே பூரிப்பு உண்டாயிற்று. ஆனால் பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒரு சங்கதிதான் நம்மை இவ்வியாசம் எழுதும்படிச் செய்தது.

அதாவது, பெங்களூர் போன்ற பட்டணங்களில் இப்போது மறைவான மதுச்சாலைகள் வந்திருக்கின்றனவாம். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. பார்த்தால் ஒரு புத்தக அலமாரியோ, பழைய டெலிபோன் கூண்டோதான் தெரியுமாம். அந்த அலமாரியைத் தள்ளினால் அதுவே கதவாம். முன்னதாகப் பெயர் பதிந்து, போனில் வரும் இரகசியச் சொல்லைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்களாம். உள்ளே மங்கின வெளிச்சம், தோல் நாற்காலிகள், ஒரு மூலையில் டி.ஜே. என்கின்ற இசைத்தட்டுக்காரர், காது அதிரும்படியான பாட்டு. கருப்பட்டியும் சுக்கும் சேர்த்த ஒரு மது அங்கே ஒரு கிளாஸ் 800 ரூபாயாம். “அண்ணாச்சி, நம்ம குற்றாலத்திலேயும் அப்படி ஒண்ணு வந்தால் ஊர் எங்கேயோ போயிரும்” என்றார் அவர்.

நாம் அவரைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, உங்கள் தகப்பனார் வேட்டியும் துண்டுமாக அங்கே வந்தால் அந்த அலமாரி திறக்குமா?” என்றோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில், அவர் தகப்பனார் ஒரு சமயம் இரண்டு கலயம் கள் இறக்கினார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டுச் சிறைக்குப் போய் வந்தவர். அதே பனையின் கருப்பட்டியைச் சாராயத்தில் கரைத்து மங்கின வெளிச்சத்தில் மகன் குடித்தால் அது நாகரிகம், தகப்பன் பனையடியில் நின்று குடித்தால் அது குற்றம் என்றால், இதற்கு வருணாசிரமம் என்பதைத் தவிர வேறு என்ன பெயர் இடுவது என்று வாசகர்களையே கேட்கின்றோம்.

மறைவின் பிறப்பு

இந்த மறைவுச் சாலைகளின் சரித்திரத்தைச் சற்று யோசித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் 1920 ஆம் வருஷம் ஜனவரி முதல் 1933 ஆம் வருஷம் டிசம்பர் வரையில் தேசம் முழுவதும் மதுவிலக்குச் சட்டம் இருந்தது. அக்காலத்தில் கள்ளத்தனமாய் நடந்த குடிச்சாலைகளுக்கு “ஸ்பீக் ஈசி”, அதாவது குரலைத் தணித்துப் பேசு என்று பெயர் வழங்கிற்று. போலீசுக்குப் பயந்து அவர்கள் கதவை மறைத்தார்கள். இன்றைய முதலாளியோ லைசென்சைக் கையில் வைத்துக்கொண்டே கதவை மறைக்கின்றார். இவர் யாருக்குப் பயந்து மறைக்கின்றார்? ஒருவருக்கும் பயந்து அல்ல. “எல்லாரும் வரக்கூடிய இடம் அல்ல இது” என்று காட்டினால்தான் 100 ரூபாய்ச் சரக்கை 800 ரூபாய்க்கு விற்கலாம் என்பதற்காகவே மறைக்கின்றார். அங்கே விற்கப்படுவது மது மாத்திரமல்ல, “நான் உள்ளே, நீ வெளியே” என்கின்ற மமதையும் சேர்த்தே விற்கப்படுகின்றது. 2025-26 ஆம் வருஷத்தில் நம் மாகாணத்தில் நூறு நாள் வேலைக்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஆகவே அந்த ஒரு கிளாஸ் என்பது மண்வெட்டி பிடித்த ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலிக்கும் அதிகம்.

அமெரிக்க மதுவிலக்கில் கஷ்டப்பட்டவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பணக்காரனுக்குக் கனடா தேசத்து நல்ல விஸ்கி வந்து சேர்ந்தது. ஏழைக்கோ தொழிற்சாலைச் சாராயம்தான் கிடைத்தது. அதை யாரும் குடிக்காமல் இருப்பதற்காக மெத்தனால் என்கின்ற விஷத்தைச் சர்க்கார் உத்தரவின்படியே அதில் சேர்த்திருந்தார்கள். அதைக் குடித்துக் கண் இழந்தவர்களும் மாண்டவர்களும் ஏராளம். அதே மெத்தனால்தான் 2024 ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட ஏழை உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேசம் வேறு, காலம் வேறு, செத்தவன் மாத்திரம் ஒரே ஆள். அவன் கூலிக்காரன்.

நம் நாட்டுக் கதை

நம்முடைய மாகாணத்திலும் கதை இதுவேதான். 1937 ஆம் வருஷம் அக்டோபர் 1 ஆம் தேதி ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948 இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டது. 1974 இல் திரும்ப வந்தது. 1981 இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. நடுவில் 1990 இல் மலிவுவிலை மது என்று ஒன்று வந்து, 1991 இல் போயிற்று. 2003 ஆம் வருஷம் நவம்பர் முதல் சில்லறை மதுக்கடைகளைச் சர்க்காரே டாஸ்மாக் என்கின்ற பெயரால் நடத்தி வருகின்றது. இவ்வளவு மாறுதலிலும் ஒன்றுமட்டும் மாறவே இல்லை. மதுவிலக்கு இருந்த காலத்தில் வைத்தியர் சீட்டோடு பர்மிட் வாங்கிக்கொண்ட கனவான்கள் தங்கள் வீட்டில் சுகமாய்க் குடித்தார்கள். பர்மிட் இல்லாத ஏழை ஓடையோரத்தில் குடித்துவிட்டுச் சிறைக்குப் போனான்.

இன்றைய நிலைமையும் அப்படித்தான். ஏழைக்கு ஒரு கடை. கம்பி வலைக்குள் கையை நீட்டிக் காசைக் கொடுத்துச் சீசாவை வாங்கிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் பிளாஸ்டிக் டம்ளரில் நின்றபடியே விழுங்கிவிட்டுப் போக வேண்டும். அவனைக் கண்டால் போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பிடிக்கிறார்கள். பணக்காரனுக்கோ நட்சத்திர ஓட்டல் லைசென்சு என்றும், கிளப்பு லைசென்சு என்றும் தனித்தனி வழிகள் சட்டத்திலேயே உண்டு. அந்தக் கிளப்புக்குத் தமிழில் “மனமகிழ் மன்றம்” என்று பெயர். சீட்டாட்டம், கேரம் பலகை, டென்னிஸ் என்று சொல்லி மன்றம் பதிவாகும். ஆனால் பல மன்றங்களில் உள்ளே போய்ப் பார்த்தால் பலகை தூசி படிந்திருக்கும், கிளாஸ் மாத்திரம் பளபளவென்று இருக்கும். ஆகவே ஒளிவு பார் என்பது பெங்களூரிலிருந்து புதிதாய் வரவேண்டிய சரக்கல்ல. மனமகிழ் மன்றம் என்கின்ற பெயரோடு அது நம்மிடையே வெகு காலமாகவே இருந்து வருகின்றது. மகிழ்கின்ற மனம் சந்தாக் கட்டின மனமாய் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எல்லைக் கோட்டின் மகிமை

தென்காசி வாசிகளுக்கு இந்த அக்கிரமத்தைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவேண்டியதே இல்லை. செங்கோட்டை தாண்டிப் புளியரைச் சோதனைச் சாவடிவரை போனால் போதும். இந்தப் பக்கம் பனங்கள் இறக்கினவன் குற்றவாளி. அந்தப் பக்கம் கேரளத்தில் கள்ளுக்கடைக்குச் சர்க்கார் லைசென்சு கொடுத்து, பலகை மாட்டி, பட்டப்பகலில் மீன் குழம்போடு வியாபாரம் நடக்கின்றது. மரமும் சாறும் மாறவில்லை, நடுவில் இருப்பது ஒரு மூங்கில் தடுப்பு மாத்திரமே. ஒரு சாமான் விஷம் என்றால் மலைக்கு இரு பக்கமும் விஷமாகத்தானே இருக்க வேண்டும்?

இந்த எல்லையில் இப்படி நடப்பது இது முதல் தடவையுமல்ல. செங்கோட்டை 1956 ஆம் வருஷம் நவம்பர் 1 ஆம் தேதி வரையில் திருவாங்கூரோடு சேர்ந்திருந்தது. 1936 ஆம் வருஷம் நவம்பர் 12 ஆம் தேதி திருவாங்கூர் ராஜா தம் சர்க்கார் கோவில்களை எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிட்டதாக விளம்பரம் செய்தபோது, அது தென்காசிக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தில் கோவில் பிரவேசத்துக்கு முதல் சட்டம் வர 1939 ஆம் வருஷமும், பொதுச் சட்டம் வர 1947 ஆம் வருஷமும் ஆயிற்று. அந்த நாளில் அந்தப் பக்கம் போனால் தீட்டுப்படாத சாமி, இந்தப் பக்கம் வந்தால் தீட்டுப்பட்டுப் போயிற்று. இந்த நாளில் அந்தப் பக்கம் பானமாய் இருக்கின்ற கள், இந்தப் பக்கம் வந்தால் குற்றமாய்ப் போகின்றது. கதவு யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்பதில் நியாயம் என்பது எப்போதாவது இருந்திருக்கின்றதா?

இதனால் கேரளத்தார் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அங்கே 2014 ஆம் வருஷத்தில் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்றப் பார்களை எல்லாம் மூடுவதென்று சர்க்கார் தீர்மானித்தது. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. 2017 இல் மூன்று நட்சத்திரத்துக்கும் திறந்துவிட்டார்கள். இதன் அர்த்தம் என்ன? குடி கெடுதி, ஆனால் ஐந்து நட்சத்திரம் உள்ளவனுக்குக் கெடுதியல்ல என்பதுதானே! பிறகு, தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, அது 2017 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தபோது, கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு பார்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? கடையை நகர்த்தவில்லை. வாசலிலிருந்து கடைவரை வளைந்து வளைந்து போகும்படி ஒரு சுற்றுப்பாதையைக் கட்டி, நடக்கும் தூரத்தை 500 மீட்டருக்கு மேலாக்கிவிட்டார். சட்டத்திற்குப் பிரதட்சணம் செய்துவிட்டு உள்ளே போகலாம் என்பது அவர் கண்டுபிடித்த மோட்ச வழி!

மூலஸ்தானமும் மதுச்சாலையும்

பிரதட்சணம் என்றதும் நமக்கு மற்றொன்று ஞாபகம் வருகின்றது. மங்கின வெளிச்சம், புகை, காதை அடைக்கும் சத்தம், வாசலில் காவல், உடைக்கு நிபந்தனை, காசு அதிகம் கொடுத்தவனுக்கு முன்வரிசை, உள்ளே போய் வந்தவனுக்கு ஒரு பெருமை, கடைசியில் உள்ளங்கையளவு தீர்த்தம். நாம் சொன்னது மூலஸ்தானத்தையா, மறைவு மதுச்சாலையையா என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஆயிரம் வருஷ காலம் மூலஸ்தானத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களுடைய பிள்ளைகள், கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் இன்னொரு மூலஸ்தானத்தைக் கட்டி அதற்கு வெளியே தங்கள் தகப்பன்மாரை நிறுத்துவதா சுயமரியாதை?

உடை நிபந்தனை என்பதை நாம் கற்பனையாய்ச் சொல்லவில்லை. 2014 ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னையில் ஒரு கிரிக்கெட்டுக் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஹரிபரந்தாமன் அவர்களை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆன பின்பும் அவன் போட்ட விதி உயிரோடு இருந்தது. இதன்மேல் அவ்வருஷமே சட்டசபையில், வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது என்று தனிச் சட்டமே செய்யவேண்டியதாயிற்று. ஹைகோர்ட்டு ஜட்ஜுக்கே அந்தக் கதி என்றால், பனையேறியின் வேட்டிக்கு என்ன கதி என்று சொல்லவும் வேண்டுமா?

பாட்டும் பறையும்

இனி அந்த டி.ஜே. பாட்டைப் பற்றி. பாட்டின்மீது நமக்கு யாதொரு விரோதமுமில்லை. ஜனங்கள் ஆடிப் பாடிச் சந்தோஷமாய் இருப்பதைப் பாவமென்று சொல்ல நாம் சன்னியாசிகளுமல்ல. ஆனால் நியூயார்க்கில் நீக்ரோக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்று ஒன்று மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமாய் மது விற்றுக்கொண்டு நடந்தது. அங்கே 1927 முதல் டியூக் எல்லிங்டன் என்கின்ற கறுப்பு மேதை வாத்தியம் வாசித்தார். ஆடினவர்கள், பாடினவர்கள், பரிமாறினவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். உட்கார்ந்து குடித்துக் கேட்டவர்களோ வெள்ளையர்கள். அந்தத் தெருவில் பிறந்த கறுப்பன் காசு கொடுத்தாலும் அங்கே விருந்தாளியாய் உட்கார முடியாது. அவனுடைய தாளம் உள்ளே போகலாம், அவன் போகக்கூடாது.

இது நமக்குப் புதுமையா? நமது பட்டணத்து மதுச்சாலைகளிலும் இப்போது பறையின் அடியை மிஷினில் ஏற்றி இசைத்தட்டோடு கலந்து போட்டால், கனவான் பிள்ளைகள் எழுந்து ஆடுகிறார்கள். ஆனால் அந்தப் பறையைச் சாவு வீட்டில் கொட்டுகின்றவர் கிராமத்து டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கின்ற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தாளத்தை எடுத்துக்கொள்ளலாம், தாளம் போட்டவனைத் தொடக்கூடாது என்றால் அது ரசனையல்ல, திருட்டு என்றே சொல்லுவோம்.

கல்லீரல் ஜாதி பார்ப்பதில்லை

குடியைப் பற்றி நாம் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தப் போவதில்லை. வைத்திய சாஸ்திரம் சொல்வதே போதும். மதுபானம் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1988 ஆம் வருஷமே தீர்மானித்துவிட்டது. இந்த அளவு குடித்தால் கெடுதியில்லை என்று ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. தோல் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாலும், சாக்கடை ஓரத்தில் நின்று குடித்தாலும் கல்லீரலுக்கு ஒன்றுதான். அதற்கு நட்சத்திரமும் தெரியாது, பூணூலும் தெரியாது. கல்லீரலுக்கு உள்ள சமத்துவ புத்தி சட்டத்திற்கு இல்லையே என்பதுதான் நமது வருத்தம். ஏழை குடித்தால் அவன் பெண்டாட்டியின் பீடிக்கூலி போகின்றது. அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகின்றது? 2023-24 ஆம் வருஷத்தில் மட்டும் மதுவினால் சர்க்காருக்கு வந்த வரி வருமானம் சுமார் 45,800 கோடி ரூபாய். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, கொடுத்தவனையே குடிகாரப் பயல் என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

கலாச்சாரக் காவலர்கள்

மறைவு மதுச்சாலையை எதிர்க்கின்ற மற்றொரு கூட்டமும் உண்டு. அவர்களோடு நம்மைச் சேர்த்து எண்ணிவிட வேண்டாம். 2009 ஆம் வருஷம் ஜனவரி 24 ஆம் தேதி மங்களூரில் ஒரு மதுச்சாலைக்குள் ஸ்ரீராம சேனை என்கின்ற கூட்டத்தார் புகுந்து, அங்கே இருந்த பெண்களை அடித்துத் துரத்தினார்கள். பாரத கலாச்சாரத்தைக் காப்பதற்காம்! ஆண் குடித்தால் கெடாத கலாச்சாரம் பெண் குடித்தால் கெட்டுவிடுமாம். இவர்கள் வேதத்திலே தேவர்கள் சோமபானம் குடித்துக் களித்ததைப் பாராயணம் செய்வார்கள். நமது ஜில்லாவில் சுடலைமாடன் கொடையில் சாராயமும் சுருட்டும் படைப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாமி குடிக்கலாம், ஆண் குடிக்கலாம், பெண் மட்டும் குடித்தால் அடி என்றால் இது ஒழுக்கமா, முரட்டுத்தனமா? குடி கெடுதி என்றால் எல்லாருக்கும் கெடுதி. உரிமை என்றால் எல்லாருக்கும் உரிமை. இதற்கு மேல் நமக்கு ஒரு கொள்கையுமில்லை.

நாம் சொல்லுவது என்ன?

“ஒருவன் தன் காசில் தனியிடத்தில் குடித்தால் உங்களுக்கு என்ன?” என்று நம் வாலிபத் தோழரும் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் தனியிடத்தில் குடிப்பதை நாம் தடுக்க வரவில்லை. அவர் தகப்பனுக்கும் அதே உரிமை உண்டா என்றுதான் கேட்கிறோம். மது கூடாது என்றால் மனமகிழ் மன்றத்தையும் நட்சத்திர ஓட்டலையும் முதலில் மூடிவிட்டுப் பிறகு ஏழையின் கடைக்கு வரட்டும். மது இருக்கலாம் என்றால் ஏழைக்கும் உட்கார ஒரு சுத்தமான இடம், நல்ல தண்ணீர், கலப்படமில்லாத சரக்கு, மானத்தோடு நடத்தும் மனிதர் இவைகள் வேண்டும். கள்ளைத் தடுத்துவிட்டு விஸ்கியை விற்பதற்கு என்ன காரணம் என்பதைச் சர்க்கார் விஞ்ஞான முறையில் ஆராய்ந்து பகிரங்கமாய்ச் சொல்லட்டும். விட்டுவிட நினைக்கின்ற குடியனுக்கு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இலவச வைத்தியம் செய்யட்டும். அந்த 45,800 கோடியில் ஒரு பங்காவது அதற்குப் போகட்டும்.

இன்னொன்றும் சொல்லுகின்றோம். ஏழை மதுக்கடைக்குப் போவது மதுவுக்காக மாத்திரமல்ல. நாள் முழுதும் உழைத்தவனுக்கு நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும், பாட்டுக் கேட்கவும், காசில்லாமல் போகக்கூடிய இடம் எது என்று நம்முடைய கிராமங்களில் தேடிப் பாருங்கள். கோவில் உண்டு, கடை உண்டு, வேறு என்ன உண்டு? குற்றாலத்தில் சர்க்கார் நடத்தி வந்த சாரல் விழாவில் கூலிக்காரனும் குடும்பத்தோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டதை நாம் பார்த்திருக்கின்றோம். அதற்கு இரகசியச் சொல் தேவைப்படவில்லை. அதைப் போல ஒவ்வொரு ஊரிலும் ஒரு மன்றம், ஒரு படிப்பகம், ஒரு பாட்டு மேடை இருந்தால், கம்பி வலைக்குள் நீளுகின்ற கைகளில் பாதி தானாகவே குறைந்துவிடும். இதைச் செய்யப் பெங்களூர் முதலாளி வரமாட்டார். நாம்தான் செய்யவேண்டும்.

அன்று பேசி முடிந்து நாமும் அந்தத் தோழரும் ஐந்தருவியில் குளிக்கப் போனோம். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அடுத்து ஒரு வக்கீல், அதற்கு அடுத்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கிழவர், எல்லாருடைய தலையிலும் அதே தண்ணீர்தான் விழுந்தது. குளித்துவிட்டுத் திரும்பும்போது அந்தத் தோழர், தமது தகப்பனார் குற்றாலத்திற்கு அடுத்த ஊரிலேயே இருந்தும் அருவிக்கு வந்து பல வருஷங்கள் ஆகின்றன என்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவரப் போவதாகவும் சொன்னார். நம் வாலிபர்கள் எல்லாரும், தாங்கள் சம்பாதிக்கின்ற காசைத் தங்கள் பெற்றோரை வெளியே நிறுத்துகின்ற கதவுக்குக் கொடுப்பதா, அல்லது அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போகக்கூடிய இடங்களை உண்டாக்குவதற்குக் கொடுப்பதா என்பதை யோசித்து அதன்படி நடப்பார்களாக.